‘வேஸ்ட்’ என்ற சொல்லும் செங்கல்பட்டு மண்ணும்



யாருடைய நினைவாக இந்த உரை ஆண்டுதோறும் நடக்கிறதோ அந்தப் பெரியவர் எழுத்தாளர் அல்லர். ஒரகடம் பக்கத்துச் சேரி ஒன்றில் பிறந்து, ஆரம்பப் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர். ஓய்வுக்குப் பிறகு அவருடைய வேலை, ஒரு ரெக்சின் பையில் அடங்கல் நகலையும் பழைய பி மெமோக்களையும் எடுத்துக்கொண்டு தாலுகா அலுவலகத்துக்கு நடப்பது. ஊருக்குத் தெற்கே ஒரு துண்டு நிலம். மூன்று தலைமுறையாக நம் ஆட்கள் கேழ்வரகும் எள்ளும் போட்டுவந்த மேடு. அதற்குப் பட்டா கேட்டார். பல வருடம் கழித்து வந்த பதிலின் சாரம் இதுதான்: அந்தப் புல எண் பதிவேட்டில் ‘வேஸ்ட்’ என்று இருக்கிறது, அதில் தனியார் யாருக்கும் உரிமை கிடையாது.

அந்தக் காகிதத்தை நம்மிடம் நீட்டி, “வேஸ்ட்டுன்னா குப்பைன்னுதானே அர்த்தம் தம்பி? நம்ம கேவுரு எப்பிடிக் குப்பையாச்சு?” என்று கேட்டார். அன்றைக்கு நம்மிடம் பதில் இல்லை. இந்த ஆண்டு உரைக்கு அந்தக் கேள்வியையே எடுத்துக்கொண்டோம்.

ஆங்கில அகராதியில் இந்தச் சொல்லுக்குப் பல பொருள்கள் உண்டு. பயிரிடாத நிலம், பாழ், வீணாக்குதல், கழிவு, குப்பை, உடல் மெலிந்து தேய்தல். இயந்திரம் துடைக்கப் பயன்படும் பஞ்சு நூல் கழிவும் அதே சொல்தான். நம் பக்கத்துப் பட்டறைகளில் ‘பனியன் வேஸ்ட்’ என்று கேட்டு வாங்குகிறோமே, அது. வேர் லத்தீன் மொழியின் ‘வாஸ்டுஸ்’. வெறுமையானது, ஆளற்றது என்று பொருள். பரந்தது என்று பொருள்படும் ‘வாஸ்ட்’, பேரழிவைக் குறிக்கும் ‘டிவாஸ்டேஷன்’ இரண்டும் இந்த வேரில் முளைத்தவையே. லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக, நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு அது ஆங்கிலத்துக்குள் வந்தது. இதற்கு உறவான ஜெர்மன் சொல் பாலைவனத்தைக் குறிக்கிறது. முதற்பொருள் நிலம், குப்பை என்ற பொருள் ஏறியது பிறகுதான். பெரியவருக்கு அன்று இதைச் சொல்லியிருந்தால் பாதிக் கோபம் குறைந்திருக்குமோ என்னவோ. மீதிப் பாதிக்குத்தான் காரணம் பெரிது.

1086ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ‘டூம்ஸ்டே’ என்ற பெரிய நிலக் கணக்கு எழுதப்பட்டது. அதில் ஊர் ஊராக ‘வாஸ்டா’ என்ற குறிப்பு வருகிறது. வடக்கே கலகத்தை அடக்க வில்லியம் மன்னனின் படை 1069, 1070 ஆண்டுகளில் கொளுத்திய ஊர்கள் என்றே நெடுங்காலம் இதற்குப் பொருள் சொன்னார்கள். பின்வந்த வரலாற்றாசிரியர்கள் பலர் வேறு மாதிரி வாசிக்கிறார்கள். அங்கே ஆள் இல்லை என்று அர்த்தமில்லை, அங்கிருந்து வரி வரவில்லை என்பதே அர்த்தம் என்கிறார்கள். நமக்கு இது புதிதல்ல. புறம்போக்கு என்றால் என்ன? தீர்வைக் கணக்குக்குப் புறத்தே போனது. அங்கே ஆடு மேய்கிறதா, பிணம் எரிகிறதா, குடிசை இருக்கிறதா என்பதைப் பற்றி அந்தச் சொல்லுக்குக் கவலையில்லை.

இங்கிலாந்தின் பண்ணை ஊர்களிலும் ‘வேஸ்ட்’ நிலம் சும்மா கிடக்கவில்லை. ஏழைக் குடிகள் அதில் மாடு மேய்த்தார்கள், சுள்ளி பொறுக்கினார்கள், அடுப்புக்குக் கரி மண் வெட்டினார்கள். 1235ஆம் ஆண்டின் மெர்ட்டன் சட்டம், போதுமான மேய்ச்சலை விட்டுவிட்டு மீதி வேஸ்ட்டைப் பண்ணைப் பிரபு வேலியிட்டுக்கொள்ளலாம் என்றது. போதுமானது எது என்று யார் முடிவுசெய்வது? பதினேழாம் நூற்றாண்டு தொடங்கி நாடாளுமன்றத்தில் வேலியிடும் சட்டங்கள் ஐயாயிரத்துக்கு மேல் வந்தன. வேலிக்கு வெளியே நின்றவர்கள் நகரத்து ஆலைகளுக்குக் கூலிகளாகப் போனார்கள். 1689இல் வெளியான தன் நூலில் ஜான் லாக், உழாமல் இயற்கையிடம் விட்ட நிலத்துக்கு வேஸ்ட் என்றே பெயர் என்று எழுதி, உழைப்பைக் கலப்பவனுக்கே நிலம் சொந்தம் என்று வாதிட்டார். அமெரிக்காவின் கரோலினா குடியேற்றத்தை நடத்திய பிரபுக்களுக்குச் செயலாளராக இருந்தவர் அவர். செவ்விந்தியரின் வேட்டைக் காடு எந்தக் கணக்கில் வேஸ்ட் ஆனது என்பது அதிலிருந்து விளங்கும். உழைப்பைக் கலப்பவனுக்கே நிலம் என்ற வாதத்தை அவர் நம் பண்ணையாள்களை நினைத்து எழுதவில்லை என்பதும் விளங்கும்.

இந்தச் சொல்லோடுதான் கம்பெனி அதிகாரிகள் தொண்டைமண்டலத்துக்கு வந்தார்கள்.

அதற்கு முன்னால் இங்கே எல்லாம் பொதுவாக இருந்தது என்று நாம் சொல்லப்போவதில்லை. சோழர் காலத்து நிலக்கொடை ஆவணங்கள், உடும்பு ஓடுகிற கரட்டையும் ஆமை தவழ்கிற பள்ளத்தையும் விடாமல் எண்ணிக் கொடை கொடுக்கின்றன. அந்தக் கணக்கில் வீண் நிலம் என்று ஒன்றில்லை. ஆனால் தஞ்சைப் பெரிய கோயிலில் இராசராசன் வெட்டுவித்த கல்வெட்டுகளைப் பாருங்கள். ஊர் ஊராக இறையிலி நிலத்தைக் கழிக்கிற பட்டியலில் குளம், வாய்க்கால், சுடுகாடு என்ற வரிசையில் பறைச்சேரியும் தீண்டாச்சேரியும் வருகின்றன. சேரியைச் சுடுகாட்டோடு சேர்த்து எண்ணுவதற்கு நம் மன்னர்களுக்கு எந்த லத்தீன் சொல்லும் தேவைப்படவில்லை.

செங்கல்பட்டுப் பகுதி 1763இல் ஆற்காட்டு நவாபிடமிருந்து கம்பெனிக்கு ஜாகீராக வந்தது. 1780இல் ஹைதர் அலியின் குதிரைப்படை இறங்கியது. அந்த ஆண்டு செப்டம்பர் 10ஆம் தேதி காஞ்சிபுரம் பக்கத்துப் புள்ளலூரில் கம்பெனியின் ஒரு படைப்பிரிவே அழிந்தது. ஊர்கள் எரிந்தன, ஏரிக்கரைகள் உடைந்து கிடந்தன, பஞ்சம் வந்தது. ஆங்கிலச் சொல்லின் பழைய பொருளில், படை போன வழியெல்லாம் மண் பாழானது. 1794இல் கலெக்டராக வந்த லயோனல் பிளேஸ் கண்டது அப்படிப்பட்ட ஜாகீரைத்தான். ஓடிப்போன குடிகளைத் திரும்ப அழைப்பது, ஏரிகளைச் செப்பனிடுவது, பாழ் நிலத்தைப் பயிருக்குக் கொண்டுவருவது என்று வேலை நடந்தது. அப்போது எழுந்த கேள்வி, பாழாய்க் கிடக்கிற நிலம் யாருடையது என்பது.

மிராசுதார்கள் விடை வைத்திருந்தார்கள். ஊர் முழுவதும் எங்கள் பங்கு. உழுதாலும் எங்களுடையது, உழாவிட்டாலும் எங்களுடையது. சென்னைக் கலெக்டராக இருந்த எல்லிஸ் 1818இல் அச்சான தன் அறிக்கையில் மிராசு உரிமையைப் பழைய ஆவணங்களோடு விரிவாக எடுத்துவைத்தார். தென்னிந்திய மொழிகள் தனிக் குடும்பம் என்று கால்டுவெல்லுக்கு 40 ஆண்டுகள் முன்பே, 1816இல், எழுதியவர் இதே எல்லிஸ்தான். தமிழ் மேடைகளில் அவருக்கு மாலை போடும்போது இந்த அறிக்கையையும் ஒருமுறை புரட்டிப் பார்க்கலாம். பின்னால் வந்த ரயத்துவாரி முறையில் வேஸ்ட் நிலம் சர்க்கார் நிலம் என்றானது. யாரும் தர்க்காஸ்து போட்டுக் கேட்கலாம். ஆனால் மிராசு ஊர்களில் மிராசுதாரருக்கே முன்னுரிமை. நம் ஆள் ஒரு துண்டு தரிசைக் கேட்டு மனுப் போட்டால், அதுவரை திரும்பிப் பார்க்காத மிராசுதார் மறுநாள் அதே துண்டைத் தனக்குக் கேட்பார். அவருக்கே கிடைக்கும். மனுப் போட்டவருக்கு அடுத்த அறுப்பில் வேலை கிடைக்காது.

இதை எழுதி வைத்தவர் அப்போது செங்கல்பட்டுக் கலெக்டராக இருந்த திரமென்ஹீர். ‘செங்கல்பட்டுப் பறையர்கள் பற்றிய குறிப்பு’ என்ற அவருடைய அறிக்கை 1891ஆம் ஆண்டினது. அடிமை முறையை 1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம் சட்டத்தின் பார்வையில் இல்லாமல் ஆக்கி அரை நூற்றாண்டு ஆகியும், படியாள்கள் கடனுக்குத் தம்மையே எழுதிக்கொடுத்துக் கட்டுண்டு கிடந்ததை அவர் பதிவுசெய்தார். குடியிருக்கிற மனைகூட மிராசுதார் நிலம் என்பதால், எதிர்த்துப் பேசினால் குடிசையைப் பிரி என்று சொல்ல முடிந்ததையும் பதிவுசெய்தார். அவர் பரிந்துரைகளின் நடுப்புள்ளி மனையும் நிலமும். வேஸ்ட்டை இவர்களுக்குக் கொடுங்கள் என்றார். அவருக்குப் பக்கபலமாக நின்றவர் செங்கல்பட்டில் ஸ்காட்லாந்து மிஷனைச் சேர்ந்த ஆடம் ஆண்ட்ரூ பாதிரியார். அதே 1891இல் இரட்டைமலை சீனிவாசன் பறையர் மகாஜன சபையைத் தொடங்கினார். அவர் பிறந்த கோழியாளமும் செங்கல்பட்டுச் சீமைதான். 1893இல் ‘பறையன்’ இதழ் வந்தது. வெள்ளைக்காரக் கலெக்டர் ஒருவர் மனமிரங்கியதால் எல்லாம் நடந்தது என்று சொல்பவர்கள் இந்த ஆண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

சென்னையில் இருந்த ரெவின்யூ போர்டுக்கு அந்த அறிக்கை பிடிக்கவில்லை. மிகைப்படுத்துகிறார் என்று கருதினார்கள். இருந்தும் 1892 செப்டம்பர் 30ஆம் தேதி 1010 என்ற எண்ணில் வருவாய்த்துறை ஆணை வந்தது. பஞ்சமி நிலத்தின் பிறப்புச் சான்றாக நாம் போற்றும் ஆணை அது. அந்த ஒப்படைகளுக்கு நிபந்தனை உண்டு: முதல் பத்தாண்டு விற்கவோ அடகு வைக்கவோ கூடாது, அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு மட்டுமே கைமாற வேண்டும், மீறினால் அந்தக் கிரயம் செல்லாது. 12 லட்சம் ஏக்கர் இப்படிக் கொடுக்கப்பட்டதாக நம் மேடைகளில் சொல்கிறோம். அந்த எண்ணை நாம் இன்னும் கவனமாகக் கையாள வேண்டும் என்பது எங்கள் கருத்து. 1892இல் ஒரே நாளில் லட்சக்கணக்கில் கொடுத்துவிடவில்லை. பல ஒப்படைகள் பிந்தையவை. 1920க்குப் பிறகு, ஒடுக்கப்பட்டோர் நலனையும் கவனித்த லேபர் கமிஷனரின் துறை வழியாக நடந்தவையும் அவற்றில் உண்டு. எண்ணைப் பெரிதாகச் சொல்வதைவிடப் புல எண்ணைச் சரியாகச் சொல்வது நமக்குப் பயன்படும். எதிர்த்தரப்பு வக்கீல் கேட்பது புல எண்ணைத்தான்.

கொடுக்கப்பட்டது எப்படிப்பட்ட மண் என்பதையும் சொல்ல வேண்டும். ஏரிப் பாசனம் எட்டாத மேடு, செம்பாறை, உவர். யாரும் கேட்காததால் மீந்தது. அதைக் கல் பொறுக்கி, வேலிகாத்தான் வெட்டி, ஆட்டுக்கிடை போட்டு வயலாக்கினோம். வயலான பிறகு கேட்க ஆள் வந்தது. இருநூறு ரூபாய்க் கடனுக்கும் ஒரு சாவுச் செலவுக்கும் கைநாட்டு வாங்கப்பட்டது. செல்லாத கிரயங்கள் மேல் செல்லாத கிரயங்கள் அடுக்கப்பட்டன.

1994 அக்டோபர் 10ஆம் தேதியை இந்த மாவட்டத்துக்காரர்களுக்கு நினைவூட்டத் தேவையில்லை. மாமல்லபுரம் பக்கத்துக் காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்கப் போராடிய மக்கள்மீது போலீஸ் சுட்டதில் ஜான் தாமசும் ஏழுமலையும் இறந்தார்கள். திரமென்ஹீரின் அறிக்கைக்கும் அந்தத் துப்பாக்கிச் சூட்டுக்கும் இடையே 103 ஆண்டுகள். மாவட்டம் அதேதான்.

காரணைக்கு இரண்டு ஆண்டு கழித்து இருங்காட்டுக்கோட்டையில் கார் ஆலைக்கு வேலை தொடங்கியது. 1998இல் முதல் கார்கள் வெளியே வந்தன. பிறகு ஸ்ரீபெரும்புதூரில் கண்ணாடி, கைபேசி; 2010இல் ஒரகடத்தில் இன்னொரு கார் ஆலை, அதைத் தொடர்ந்து லாரி, மோட்டார் சைக்கிள். வல்லம், வடகால், மாம்பாக்கம், பிள்ளைப்பாக்கம் என்று சிப்காட் விரிந்தது. தொழிற்சாலைகளுக்கு நிலம் எடுக்கவென்றே தமிழ்நாட்டில் 1997ஆம் ஆண்டுச் சட்டம் தனியாக வந்தது.

நாம் தொழிற்சாலைக்கு எதிரிகள் இல்லை. நம் பிள்ளைகள் ஏர் பிடித்த கை அல்லாத வேறொரு கையோடு வாழ வேண்டும் என்றுதான் அம்பேத்கர் முதல் அத்தனை பேரும் சொன்னார்கள். நாம் பார்க்க வேண்டியது பதிவேட்டை. நிலம் எடுக்கும்போது பட்டாதாரருக்கு இழப்பீடு உண்டு. சர்க்கார் தரிசும் மேய்க்காலும் துறைக்குத் துறை மாற்றம். ஒரு கோப்பு இங்கிருந்து அங்கே போகும், அவ்வளவுதான். அந்த நிலத்தில் உழுதவர் கையில் இருப்பது பி மெமோ. அதாவது, 1905ஆம் ஆண்டின் ஆக்கிரமிப்புச் சட்டப்படி, நீ இங்கே அனுமதியின்றி இருக்கிறாய் என்று சர்க்கார் கொடுத்த அறிவிப்பு. முப்பது வருடமாக மெமோவும் அபராதத் தீர்வை ரசீதும் சேர்த்து வைத்திருந்தவர்கள் உண்டு. தாங்கள் அங்கே இருந்ததற்குச் சர்க்காரே கொடுத்த சான்று அது என்று நம்பினார்கள். அலுவலகத்தில் அது அவர்கள் செய்த குற்றத்தின் சான்றாக வாசிக்கப்பட்டது.

பெரியவரின் கேள்விக்கு இங்கேதான் பதில் இருக்கிறது என்று நினைக்கிறோம். 1880களில் நாம் வேஸ்ட் நிலத்தைக் கேட்டபோது, அது வேஸ்ட் இல்லை, மிராசுதாரருடையது என்றார்கள். நூறு ஆண்டு கழித்துக் கம்பெனிகள் கேட்டபோது, நாம் உழுதுகொண்டிருந்த நிலம் வேஸ்ட் ஆனது. மண் மாறவில்லை, கேட்கிற ஆள் மாறினார். 1985இல் தில்லியில் தரிசு நில மேம்பாட்டுக்கு ஒரு வாரியமே அமைத்தார்கள். 2006இல் இங்கே நிலமற்றோருக்கு இரண்டு ஏக்கர் தரிசு என்ற திட்டம் வந்தது. அந்தத் திட்டத்துக்கு நம் ஊர்களில் மனுப் போட்டவர்கள் கேட்ட பதில், தரிசு காலியில்லை என்பது.

ஆலைக்குள்ளே போன நம் பிள்ளைகள் இதே சொல்லை வேறு பொருளில் கற்றுக்கொண்டு வருகிறார்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரப் பயிற்சியில் ஏழு வகை வேஸ்ட் என்று ஒரு படம் காட்டுகிறார்கள். ஜப்பானில் டொயோட்டா ஆலையின் தைச்சி ஓனோ வகுத்தது. ‘முடா’ என்பது ஜப்பானியச் சொல். தேவைக்கு மேல் செய்வது, காத்திருப்பது, வீணே சுமந்துபோவது, தேவையற்ற வேலைப்பாடு, இருப்புச் சேர்ப்பது, தேவையில்லாமல் அசைவது, பழுதான பொருள். பொறியியலாக இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் காத்திருப்பும் அசைவும் வேஸ்ட் என்றால், எட்டு மணி நேரம் நிற்கிற பெண் இடுப்பை வளைத்து நிமிர்வது எந்தக் கணக்கு? ஒப்பந்தக் காலம் முடிந்து கேட்டுக்கு வெளியே அடுத்த அழைப்புக்காகக் காத்திருக்கிற ஆறு மாதம் யாருடைய வேஸ்ட்? அது அந்தப் படத்தில் இல்லை, ஏனென்றால் அது கம்பெனியின் செலவில் வருவதில்லை.

ஆலையிலிருந்து வெளியே வருகிற வேஸ்ட்டிலும் இரண்டு சாதி இருக்கிறது. தகடு வெட்டியதில் மிஞ்சுகிற இரும்பு, அலுமினியச் சீவல், மரப்பெட்டி, அட்டை இவற்றுக்கு வேஸ்ட் என்ற பெயர் தங்கவில்லை. ‘ஸ்கிராப்’ என்று பெயர் மாறிவிட்டது. அதற்கு டெண்டர் உண்டு, கையில் பணமும் பின்னால் ஆட்களும் உள்ளவர்களிடையே போட்டி உண்டு, அந்தப் போட்டியில் வெட்டுக்குத்தும் உண்டு. ஊர்ப் பக்கம் நிலம் வைத்திருந்த வீடுகளே பெரும்பாலும் அந்த வியாபாரத்திலும் முன்னால் நிற்கின்றன. விலைபோகாத வேஸ்ட் இன்னொன்று இருக்கிறது. விடுதிகளின், உணவுக்கூடங்களின், ஆலைகளின் மலத்தொட்டி. அதற்குப் போட்டி இல்லை. ஆள் அனுப்பு என்று சேரிக்குத்தான் போன் வருகிறது. 2013இல் வந்த சட்டம், ஆள் இறங்கக் கூடாது என்கிறது. சாக்கடையிலும் மலத்தொட்டியிலும் இறந்தவர்கள் பற்றி ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் வைத்த மாநிலவாரிக் கணக்குகளில் தமிழ்நாடு முதலிடத்தில் இருந்திருக்கிறது. இறந்தவர்கள் யார் என்று இந்த அவைக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஆக, தரிசுக்கு நடந்தது ஸ்கிராப்புக்கும் நடக்கிறது. விலை வந்த அன்று அதற்குச் சொந்தக்காரர் வந்துவிடுகிறார். விலை வராதது நம்மிடம் விடப்படுகிறது.

தமிழில் இந்த ஒரே சொல்லுக்குத் தரிசு, கரம்பு, புறம்போக்கு, கழிவு, வீண், விரயம் என்று தனித்தனிச் சொற்கள் இருந்தன. நிலத்தையும் மலத்தையும் ஒரே சொல்லில் போட்டுக் குழப்பாத மொழி என்று நாம் பெருமைப்படலாமா? பட முடியவில்லை. சென்னையில் ஒருவனைக் கேவலமாகத் திட்ட ‘பொறம்போக்கு’ என்கிறார்கள். வருவாய்த்துறைச் சொல் ஒன்று எப்படி வசையாகும்? அங்கே யார் குடியிருக்கிறார்கள் என்று திட்டுகிறவனுக்குத் தெரியும், அதனால் ஆகும். 2017இல் எண்ணூர்க் கழிமுகத்துக்காக டி.எம். கிருஷ்ணா பாடி வெளியான புறம்போக்குப் பாடல் இந்தச் சொல்லைத் தலைநிமிர்த்த முயன்றது. நல்ல முயற்சி. ஆனாலும் எங்கள் ஊர் டீக்கடையில் அந்தச் சொல் இன்னும் பழைய பொருளில்தான் இருக்கிறது. பத்தாம் வகுப்பில் தவறிய பையனை ‘வேஸ்ட்டு’ என்று சொல்வதும் அங்கேதான்.

பெரியவர் இறந்த பிறகு அவருடைய பையைத் திறந்து பார்த்தோம். மெமோக்களுக்கு அடியில் ஒரு நாற்பது பக்க நோட்டு. ஊரில் தரிசு, புறம்போக்கு என்று எழுதப்பட்ட ஒவ்வொரு புல எண்ணையும் பள்ளிக்கூடக் கையெழுத்தில் வரிசையாக எழுதி, எதிரே பென்சிலால் குறித்திருக்கிறார். எத்தனை பனை, எந்த மாதம் எந்த வீட்டு ஆடு, கோரை அறுக்கும் இடம், ஈச்சம் ஓலை வெட்டும் இடம், எள் விதைத்த வருடங்கள், பிணம் போகும் பாதை, பிள்ளைப்பேற்றில் இறந்த ஒரு பெண்ணைப் புதைத்த மேடு. அடங்கலில் ஒற்றைச் சொல் இருந்த கட்டத்துக்கு இவர் அரைப் பக்கம் எழுதியிருக்கிறார்.

அந்த மேட்டில் இப்போது ஒரு கிடங்கின் சுற்றுச்சுவர் ஓடுகிறது. நோட்டு மன்றத்திடம் இருக்கிறது. அதை அப்படியே பிரதியெடுத்து, அவர் பென்சில் குறிப்புகளோடு, அடுத்த ஆண்டு இந்த உரையின் இடத்தில் அச்சிடுவதாக முடிவு செய்திருக்கிறோம். வல்லம், மாம்பாக்கம், பிள்ளைப்பாக்கம் பக்கத்திலிருந்து வந்திருப்பவர்களிடம் ஒரு கோரிக்கை. உங்கள் ஊரில் இதுபோல யாராவது எழுதி வைத்திருந்தாலோ, எழுதாமல் வாயில் வைத்திருந்தாலோ, மழைக்காலத்துக்கு முன்னால் சொல்லி அனுப்புங்கள். நாங்கள் நோட்டோடு வருகிறோம்.